சாவி போட்ட மூடி

என் வீட்டு ஜன்னலோரம் ஒரு பெட்ரோல் டேங்க் மூடி கிடக்கிறது. பளபளவென்று இருக்கும், நடுவில் சாவித் துவாரம். கரண்ட் பில் பறக்காமலிருக்க அதைத்தான் மேலே வைக்கிறேன். அதற்கு மேல் ஒரு வேலைக்கும் அது லாயக்கில்லை. அதை வாங்கிய எங்கள் துரையும் அப்படித்தான். சூரியநெல்லிப் பக்கம் நான் ஃபிட்டராக இருந்த தேயிலை எஸ்டேட்டுக்கு மேனேஜராக வந்தவர். வந்த கையோடு கோயம்புத்தூரிலிருந்து ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். சிவப்பு நிறம், இரண்டே சீட், மேலே கூரை கிடையாது. வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற மலையில் கூரையில்லாத காரை வாங்கிவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதலில் எஞ்சினைப் பார்க்கச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் மாற்றியது டேங்க் மூடியை. பழைய மூடிக்குப் பூட்டு இல்லையாம். "லயத்துக்காரன் கை சும்மா இருக்காது" என்று என்னிடமே சொன்னார். தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கொடுத்த லயத்து வரிசை வீட்டில்தான் நானும் குடியிருந்தேன். பழைய மூடி அவர் மேசைக்குப் போய் சிகரெட் சாம்பல் வாங்கிக்கொண்டிருந்தது.

அதன் பிறகுதான் கார் மக்கர் பண்ணியது. கால் மணி நேரம் ஏற்றம் ஏறினால் இருமி இருமி நின்றுவிடும். அரை மணி நேரம் சும்மா விட்டால், ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். துரை செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து நாளுக்கொரு நோய் கண்டுபிடிப்பார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். ஃபில்டர் மாற்றினேன், பம்ப் மாற்றினேன், டேங்கையே இறக்கி அலசினேன். ஷெட்டில் மூடியைத் திறந்து வைத்து ஓட்டிப் பார்த்தால் எஞ்சின் அருமையாக ஓடும். நான் முடிக்கும்வரை சாவியும் கையுமாகப் பக்கத்தில் நிற்பார், பிறகு அவரே பூட்டுவார். ரோட்டில் ஏறினால் பழைய கதைதான்.

கடைசியில் பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறது என்று முடிவு கட்டினார். காரைத் துடைத்து நிறுத்தும் பங்களா டிரைவர்தான் திருடிவிட்டுக் கலக்கிறானாம். அந்த டிரைவர் என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான். பூட்டிய டேங்கில் எப்படித் திருடுவான் என்று கேட்டதற்கு, "அடியிலே குழாயைக் கழட்டியிருப்பான், மேலே கலந்து ஊற்ற கள்ளச்சாவி வெச்சிருப்பான்" என்றார். மாதா கோவிலில் வந்து சத்தியம் பண்ணுகிறேன் என்றார் மச்சான். துரை சிரித்தார். மச்சானுக்கு வேலை போயிற்று. வேலை போனால் லயத்து வீடும் போகும். மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். "மாப்ள, நீயாவது என்னைய நம்புதியால்ல?" என்று கேட்டார். "பொறுங்க மச்சான்" என்றேன்.

அந்த வாரமே, காரைச் சோதிக்கத் துரையோடு நானும் போனேன். பெட்ரோல் பங்குக்குச் சற்று மேலே கார் நின்றது. அப்படியே பின்னால் உருட்டி பங்கில் சேர்த்தோம். பெட்ரோல் போட துரை மூடியைத் திருகினார். உஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம், காற்று உள்ளே போகிற சத்தம். எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போக வேண்டும். பழைய மூடியில் அதற்கு ஊசித் துவாரம் இருந்தது. புது மூடியில் இல்லை. இந்த மனிதர் திருட்டுக்குப் பயந்து தன் காரின் மூச்சைத் தானே அடைத்திருக்கிறார். அவர் சந்தேகத்தைத் தவிர அந்தக் காரில் வேறு கோளாறே இல்லை.

அங்கேயே சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. பங்கில் இரண்டு பேர் முன்னால் சொல்லி என்ன ஆகப்போகிறது? மாசம் பிறந்ததும் அவருடைய கிளப் நண்பர்கள் வருவதாக இருந்தது. அவர்கள் முன்னால், ஃபேக்டரி ஆட்கள் அத்தனை பேர் முன்னால் அவர் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பதினோரு நாள் அதை வாய்க்குள்ளேயே வைத்து ருசித்தேன்.

அந்த நாளும் வந்தது. நினைத்தபடியே கார் ஃபேக்டரி வாசலில் நின்றது. சாவியைக் கேட்டு வாங்கி மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்ற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. நிறுத்தி நிதானமாக விளக்கினேன். நண்பர்கள் சிரித்தார்கள். துரை அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தார். "நம்ம ஃபிட்டர் கெட்டிக்காரன்" என்று என் முதுகில் தட்டினார். மேசையிலிருந்து பழைய மூடியைக் கொண்டுவரச் சொல்லி, சாம்பல் தட்டி மாட்டிக்கொண்டார், புதியதை என்னிடம் எறிந்தார். சாவியைத் தரவில்லை. மச்சான் பெயரை அவர் எடுக்கவே இல்லை. வெட்கப்படத் தெரியாதவரை வெட்கப்பட வைக்க நான் காத்திருந்திருக்கிறேன். மச்சான் அதற்கு இரண்டு நாள் முன்பே பெண்டாட்டி பிள்ளையோடு திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டார்.

போன கிறிஸ்துமஸுக்கு வந்த மச்சான் ஜன்னலோரத்திலிருந்து மூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சாவித் துவாரத்தில் விரலை வைத்தபடி, "இத எப்பம் மாப்ள கண்டுபிடிச்ச?" என்றார்.

"அன்னைக்குத்தான் மச்சான், எல்லார் முன்னாடியும்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, பில் பறக்காமல் மூடியை அதன் மேலேயே வைத்தார்.