மூன்றாவது அழைப்பு

சரக்கு விமானத்தில் எந்தப் பெட்டியை எங்கே ஏற்றினால் விமானம் ஒரு பக்கம் சாயாமல் பறக்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது அவன் வேலை. அதனால் ஆபீஸில் அவனுக்குத் தராசு என்று பெயர். கேலியாக ஆரம்பித்தது, ஆறு வருடத்தில் மேலதிகாரியே மெயிலில் அப்படி எழுதும் அளவுக்குப் போய்விட்டது. அவனிடம் விமானம் ஓட்டும் லைசென்ஸ் இருக்கிறது என்பது அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள். வேலை கிடைக்காத பைலட்டிடம் லைசென்ஸைப் பற்றிக் கேட்பது, கல்யாணம் தள்ளிப்போகிறவளிடம் வயதைக் கேட்பது மாதிரி.

பெரிய விமான நிறுவனம் ஒன்று ஆள் எடுக்கப்போவதாக அறிவித்தபோது அவனுக்கு முப்பத்துநான்கு. முப்பத்தைந்து தாண்டினால் விண்ணப்பிக்க முடியாது. இதை விட்டால் இன்னொன்று கிடையாது என்று அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவனோடு சேர்ந்து விண்ணப்பித்தது அவன் தங்கையின் கணவன். இருவரும் பயிற்சிப் பள்ளியில் ஒரே வகுப்பு. நண்பனாக வீட்டுக்கு வரப்போக இருந்தவன் தங்கையைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையானான். தராசு சரக்கு ஆபீஸுக்குப் போக, மாப்பிள்ளை அதே பள்ளியிலேயே சிறிய விமானங்களில் மாணவர்களுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தான். கை நேர்த்தி என்றால் அப்படி ஒரு நேர்த்தி. மாப்பிள்ளை தரையிறக்கினால் சக்கரம் தரையைத் தொட்டதே தெரியாது என்று பள்ளியில் பேச்சு. இந்தத் தேர்வில் ஒரே ஒரு ஆளைத்தான் எடுப்பார்கள் என்றாலும் அது மாப்பிள்ளைதான் என்று தராசுக்கு மனசில் உறுதி. அதில் பொறாமையும் இருந்தது, பெருமையும் இருந்தது. எது கூடுதல் என்று அவன் பார்த்துக்கொண்டதில்லை.

தேர்வு மூன்று நாள். முதல் நாள் கம்ப்யூட்டரில்: ஒரு கையால் புள்ளியை நடுவில் நிறுத்திக்கொண்டே காதில் விழும் எண்களைக் கூட்ட வேண்டும். இரண்டாம் நாள் குழுவாகப் பேச வைப்பார்கள், அப்புறம் நேர்காணல். மூன்றாம் நாள்தான் கண்டம். விமானத்தின் முன்பகுதி போலவே செய்த சிமுலேட்டரில் இருவர் இருவராக உட்கார்த்திவைத்து, ஒருவர் ஓட்ட மற்றவர் கவனிக்க, பின்னால் இருந்து பார்ப்பார்கள். கையில் கிடைத்தது ஆறு வாரம். மாலை ஆறு மணிக்குத் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் புத்தகத்தை விரித்துவிடுவார்கள். தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து வந்து, மொபைலில் நொடி ஓடவிட்டு, மனக்கணக்குக் கேள்விகளை வாசிப்பாள். நானூற்று எண்பது மைல், மணிக்கு நூற்று அறுபது என்று அவள் முடிப்பதற்குள் மாப்பிள்ளை மூன்று மணி நேரம் என்று சொல்லிவிடுவான். தராசு இன்னும் வகுத்துக்கொண்டிருப்பான்.

இரண்டாவது வாரம் ஒரு நாள், பதினேழை ஆறால் பெருக்கச் சொன்னாள். பதில் வரவில்லை. தராசு வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டிருந்தான், மாப்பிள்ளை முறை அது. நிமிர்ந்து பார்த்தால், மாப்பிள்ளை எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கண் திறந்துதான் இருந்தது. வலது கைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தது, துணிக்கடையில் துணியைத் தொட்டு நயம் பார்ப்பார்களே, அப்படி. பிறகு விரல் நின்றது. எந்தக் கேள்வி என்று கேட்டான். தங்கை உடனே அதே கேள்வியை மறுபடி வாசித்தாள்; அவன் நூற்று இரண்டு என்றான்; அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். ஏதோ யோசனை என்று தராசும் நினைத்தான். தங்கை அத்தனை வேகமாகத் திருப்பி வாசித்ததுதான் அவனுக்கு உறுத்தியது. அவள் ஆச்சரியப்படவே இல்லை.

மூன்றாம் வாரம் காரில். மாப்பிள்ளைதான் ஓட்டினான். சிக்னலில் பச்சை விழுந்தது, வண்டி நகரவில்லை. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார், இன்னொருவர் அடித்தார். ஸ்டியரிங்கின் மேல் அந்த விரல் தேய்த்துக்கொண்டிருந்தது. தராசு தோளைத் தொட்டபோது வண்டி ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது. இவர்களுக்கு எப்பப் பார்த்தாலும் அவசரம் என்று மாப்பிள்ளை பின்னால் இருந்தவர்களைத் திட்டினான். நீ கொஞ்ச நேரம் இங்கே இல்லை என்று தராசு சொன்னான். மாப்பிள்ளை சிரித்துவிட்டான்.

அதற்கடுத்த சனிக்கிழமை, டயர் கடைக்குப் பின்னால் இருந்த ஒரு கொட்டகையில் சிமுலேட்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தார்கள். பழைய விமானத்தின் மூக்கை வெட்டி மரமேடையில் வைத்து, முன்னால் திரை மாட்டியிருந்தார்கள். ரப்பர் வாசனை உள்ளே வரைக்கும் வந்தது. மாப்பிள்ளை ஓட்ட, தராசு கவனித்தான். வேகம் குறைந்தால் கவனிப்பவர் "ஸ்பீட்" என்று சொல்ல வேண்டும், ஓட்டுபவர் "கரெக்டிங்" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் இன்னொரு தடவை சொல்ல வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால், ஓட்டுபவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு விமானத்தைக் கையில் வாங்க வேண்டும். உலகம் முழுக்க இதுதான் விதி. ஓடுபாதையை நோக்கி இறங்கும்போது தராசு ஸ்பீட் என்றான். பதில் இல்லை. மறுபடி சொன்னான். அதற்குள் கரெக்டிங் என்று தெளிவான குரலில் பதில் வந்தது. கடைசியில் கொட்டகைக்காரர் இறங்கிய பாதையை அச்செடுத்துக் கொடுத்தார். கோடு நூல் பிடித்தது போல வந்து, ஒரே ஓர் இடத்தில் மட்டும் கீழே தொய்ந்திருந்தது. ஏழு நொடி.

ஓட்டை மெஷின், நடுவில் நின்றுவிட்டது என்றான் மாப்பிள்ளை. தராசு விடவில்லை. மேஜையில், காரில், இங்கே என்று மூன்றையும் சொன்னான். டாக்டரிடம் காட்டிவிடலாம் என்றான். மாப்பிள்ளையின் முகம் மாறியது.

"மச்சான், உனக்கு டெஸ்ட்னா பயம். அதை என் தலையில கட்டாதே."

அந்த வார்த்தை சரியாகப் போய்த் தைத்தது. ஏனென்றால் தராசு அதே கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்தான். நல்லதுக்குச் சொல்கிறோமா, போட்டிக்கு ஓர் ஆளைக் கழிக்கப் பார்க்கிறோமா?

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் தங்கையின் கடைக்குப் போனான். கண்ணாடி ஃப்ரேம்கள் சுவர் முழுக்க வரிசையாக மாட்டியிருக்கும் கடை. அவள் ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் ஆரம்பித்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"தெரியும்ணா. நாலு மாசமா இருக்கு," என்றாள். குரலைத் தாழ்த்தி, சாப்பிடும்போது, பல் தேய்க்கும்போது, ஒரு தடவை குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும்போது என்று சொன்னாள். அவருக்கே தெரியாது, சொன்னாலும் நம்ப மாட்டார்.

"அவன் இன்னைக்கும் ஒரு ஸ்டூடண்டை ஏத்திக்கிட்டு மேல போயிருக்கான். அது தெரியுமா உனக்கு?"

அவள் துடைத்த லென்ஸையே மறுபடி துடைத்தாள். பக்கத்தில் ஒரு வாடிக்கையாளர் கண்ணாடியை மாட்டிப் பார்த்துத் தலையைத் திருப்பித் திருப்பி அழகு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நகர்ந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"டெஸ்ட் முடியட்டும்ணா. ரெண்டே வாரம். முடிஞ்ச மறுநாளே நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே. இது போச்சுன்னா அவர் தாங்க மாட்டார்."

தராசு சரி என்றான். ஏன் சொன்னான் என்று பின்னாளில் பல தடவை யோசித்திருக்கிறான். அவள் கண் கலங்கியிருந்தால்கூட மறுத்திருப்பானோ என்னவோ. அவள் கலங்கவில்லை. மனசில் எல்லாவற்றையும் அடுக்கி முடித்தவளைப் போலப் பேசினாள்.

அந்த இரண்டு வாரமும் அவன் ஆபீஸ் ஜன்னலில் சின்ன விமானச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்துபோய்ப் பார்த்தான். படித்தது எதுவும் தலையில் நிற்கவில்லை. மாப்பிள்ளையிடம் ஏதாவது கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. மாப்பிள்ளையோ உற்சாகமாக இருந்தான். புதுக் கோட்டு தைத்துக்கொண்டான்.

முதல் இரண்டு நாளும் இருவரும் தேறிவிட்டார்கள். இருவரும் ஒரே நாளில் அடுத்தடுத்து விண்ணப்பித்ததால் எண்களும் அடுத்தடுத்து வந்திருந்தன. மூன்றாம் நாள் சிமுலேட்டர் பட்டியலில் ஒரே ஜோடியாகப் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு அவன் முதுகில் தட்டினான். ஆறு வாரம் சேர்ந்து பழகியது வீண் போகவில்லை என்றான்.

தேர்வாளர் ஓர் அம்மையார். பல வருடம் பெரிய விமானம் ஓட்டியவர், தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார், அதிகம் பேசவில்லை. முதலில் தராசு ஓட்டினான். சுமாராகத்தான் ஓட்டினான், ஆனால் தப்பில்லை. பிறகு மாற்றினார்கள். மாப்பிள்ளை கையில் விமானம் தண்டவாளத்தில் போவதுபோலப் போனது. பின்னால் அம்மையார் பேனா எடுத்துக் குறிப்பெழுதுவதும் நின்றுவிட்டது. மேகத்துக்குள் இறங்கினார்கள். ஆயிரம் அடி. எண்ணூறு. முடிந்துவிடும், இன்னும் ஒன்றரை நிமிடம்தான் என்று தராசு நினைத்துக்கொண்டிருக்கும்போது வேகமானியின் முள் மெல்ல இறங்கத் தொடங்கியது.

"ஸ்பீட்."

பதில் இல்லை. அவன் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது.

"ஸ்பீட்."

முள் இறங்கிக்கொண்டே இருந்தது. இப்போது அவன் கை நீண்டிருக்க வேண்டும். நீளவில்லை. கண்ணாடிக் கடையில் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்ததா, தங்கை முகம் வந்ததா என்று அவனால் சொல்ல முடியாது. அவன் வாயிலிருந்து மூன்றாவது தடவை வந்தது வேறு வார்த்தை.

"மாப்ள..."

கண்ட்ரோல் கடகடவென்று உதறத் தொடங்கியது. வேகம் தீர்ந்து விமானம் விழப்போகிறது என்று சொல்லும் உதறல் அது. அப்போதுதான் தராசு "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று கத்தி, மாப்பிள்ளையின் கைக்கு மேலேயே கையை வைத்து எஞ்சினுக்கு முழு வேகம் கொடுத்தான். திரையில் தரை வந்து முகத்தில் அறைவதுபோல நெருங்கி, பிறகு நழுவி விலகியது. மேலே ஏறும்போது பக்கத்தில் இருந்து சாதாரணக் குரலில் ஒரு கேள்வி வந்தது. "என்ன மச்சான் பண்றே?"

வெளியே ஒரு சிறிய அறையில் உட்கார வைத்தார்கள். என்ன நடந்தது என்று அம்மையார் முதலில் மாப்பிள்ளையைக் கேட்டார். இறக்கம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இவன் ஏன் கண்ட்ரோலை வாங்கினான் என்று தெரியவில்லை என்றான். கோபம்கூட இல்லை, குழப்பம்தான். அவர் கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பினார். உள்ளே கேமரா இருந்திருக்கிறது. மாப்பிள்ளை தன்னைத்தானே பார்த்தான். திறந்த கண், அசையாத முகம், தேய்த்துக்கொண்டே இருக்கும் விரல். பக்கத்தில் இருந்து தன்னைக் கூப்பிடும் குரல், ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. ஒன்பது நொடி. முடிந்ததும் மறுபடி போடச் சொன்னான். மூன்றாம் முறை கேட்கவில்லை. தன் வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டான்.

அம்மையார் தராசின் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு தடவைதானே விதி. மூணாவது தடவை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

நேர்காணலுக்கென்று நாற்பது கேள்விக்குப் பதில் மனப்பாடம் செய்திருந்தான். எதுவும் உதவவில்லை. இவர் என் தங்கை வீட்டுக்காரர் என்றான். இதற்கு முன்னால் இப்படிப் பார்த்ததுண்டா என்று அவர் கேட்டார். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். மாப்பிள்ளை அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பார்த்திருக்கேன் மேடம். மூணு தடவை."

அவர் பேனாவை மூடி வைத்தார். "தெரிஞ்சும் ரெண்டு பேரும் இங்க வந்து உட்கார்ந்திருக்கீங்க," என்றார்.

இருவருக்கும் ஒரே நாளில் கடிதம் வந்தது. இரண்டிலும் வருந்துகிறோம் என்று ஒரே வாசகம். தராசுக்கு அடுத்த மாதம் முப்பத்தைந்து முடிந்தது. மாப்பிள்ளையை மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். தலையில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். வலிப்பில் இது ஒரு வகை என்றார்கள், கை கால் இழுக்காது, ஆள் மட்டும் கொஞ்ச நேரம் இருக்க மாட்டார் என்று விளக்கினார்கள். மாத்திரை கொடுத்தார்கள். லைசென்ஸ் போனது, கார் ஓட்டக் கூடாது என்றும் ஆயிற்று. பள்ளியில் வகுப்பறையில் வானிலைப் பாடம் எடுக்க மட்டும் வைத்துக்கொண்டார்கள். தங்கை நான்கு மாதம் அண்ணனோடு பேசவில்லை. ஒரு நாள் போன் செய்து, ஹலோகூடச் சொல்லாமல், அவர் உன்னை வரச் சொல்கிறார் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனான். அதே மேஜை. மாப்பிள்ளை இளைத்திருந்தான். மாத்திரையால் பேச்சு கொஞ்சம் நிதானப்பட்டிருந்தது. அவனுக்கு எதிரே, இதுவரை பறந்த நேரமெல்லாம் எழுதிய பதிவுப் புத்தகம் திறந்து கிடந்தது. தேதி, விமான எண், பக்கத்தில் உட்கார்ந்த மாணவர் பெயர். பல வரிகளுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தான். ஒரு வாரமாக இதுதான் வேலை என்று தங்கை வாசலில் நின்றபடி சொன்னாள்.

"இதுல எத்தனை தடவை எனக்கு அப்படி ஆச்சுன்னு தெரியாது மச்சான். ஒண்ணுமே இல்லாம இருக்கலாம். முப்பது இருக்கலாம்."

ஒரு வரியில் விரலை வைத்தான். போன வருடம். ஒரு மாணவி தரையிறக்கும்போது விமானம் தடாலென்று விழுந்து முன்சக்கரம் உடைந்தது. கடைசி நொடியில் கண்ட்ரோலை வாங்க வேண்டிய பொறுப்பு அவனுடையது. ஏன் வாங்கவில்லை என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. மாணவியின் கவனக்குறைவு என்று அறிக்கை எழுதினான். இவளுக்குக் கை வராது என்றும் சேர்த்து எழுதினான். அவள் படிப்பை நிறுத்திவிட்டுப் போய்விட்டாள். போவதற்கு முன் அவனிடம் வந்து, நான் உங்களை ரெண்டு தடவை கூப்பிட்டேன் சார், நீங்க பதிலே சொல்லலை என்று சொல்லியிருக்கிறாள். தப்பை மறைக்கப் பொய் சொல்கிறாள் என்று நினைத்து, அவளை வெளியே போகச் சொல்லிவிட்டானாம்.

தராசு எழுந்தான். நாற்காலியை இழுத்து மாப்பிள்ளையின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். பள்ளி ஆபீஸில் கேட்டு வாங்கிய அந்த மாணவியின் போன் எண் துண்டுக் காகிதத்தில் இருந்தது. நீ வாசி, நான் போடுகிறேன் என்றான் மாப்பிள்ளை. தராசு ஒவ்வோர் எண்ணாக வாசித்தான். மணி வெகுநேரம் அடித்தது. தங்கை உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். எடுக்க மாட்டார்கள் என்று தோன்றிய நேரத்தில் ஒரு பெண் குரல் ஹலோ என்றது, கொஞ்சம் பொறுத்து மறுபடி ஹலோ என்றது. தராசு திடுக்கிட்டு மாப்பிள்ளையின் கையைப் பார்த்தான். விரல் அசையவில்லை. இருக்கிறான், வார்த்தைதான் கிடைக்கவில்லை.

"நான்தான்மா பேசறேன்," என்றான் மாப்பிள்ளை கடைசியில். "ஃபிளையிங் ஸ்கூல் சார். நீ அன்னைக்குச் சொன்னது பொய் இல்லைம்மா."