கட்டி வைத்த பதில்

அடிக்கிற கணவனைப் பற்றி மலாயாவின் தைப்பிங்கிலிருந்து அம்மா எழுதிய கடிதத்துக்கு, 1956இல் ஒரு தமிழ் நாளேட்டின் பெண்கள் பக்கத்தில் 'மங்கை அக்கா' சொன்ன பதில் குமுதினிக்கு மனப்பாடம்: "சகோதரி, பொறுமையே உன் வீட்டைக் காக்கும்." அம்மா பொறுத்தாள், சாகும்வரை.

மங்கை அக்காவைப் பற்றி ஆய்வு செய்யத் தொடங்கிய குமுதினி, நூலகத்தில் பழைய இதழ்களைப் புரட்டினாள். ஒன்பது வருஷத்தில் நாற்பது பெண்களுக்கு அதே வரிகள். 'பொறுமை'யில் ஒவ்வொரு முறையும் அதே எழுத்து அச்சில் உடைந்திருந்தது.

அந்த நாளேட்டில் அச்சுக்கோத்த சிங்காரத்தை ஈப்போவில் தேடிப்பிடித்துக் கேட்டாள்.

"அதுவா? கோத்த ஈய எழுத்த கலைக்காம கயிறு போட்டுக் கட்டியே வெச்சிருப்பேம்மா. ஊர் பேர மட்டும் மாத்துவேன்."

"அப்ப அக்கா எதுவுமே எழுதலையா, அங்கிள்?"

"ஏன் எழுதாம? ஒவ்வொருத்திக்கும் ஒரு பக்கம் எழுதுவாங்க. 'அடிச்சான்னா கிளம்பி வந்துரு, நான் இருக்கேன்'னுகூட எழுதுவாங்க. கடைசி நேரத்துல விளம்பரம் வந்துரும், இடம் பத்தாது லா. இது சின்னது, கச்சிதமா உக்காந்துரும்."

குமுதினி பையிலிருந்து, அம்மா வைத்திருந்த அந்தப் பதிலின் நறுக்கை எடுத்தாள். அம்மா அவசரமாகக் கத்தரித்ததில் பக்கத்து விளம்பரத்தின் ஓரமும் சேர்ந்து வந்திருந்தது. முகப்பவுடர் பூசிய பெண் ஒருத்தி, பாதி வாயால் சிரித்துக்கொண்டிருந்தாள்.