சுப்பிரமணியத்தின் முகம்

லூனாஸ் ஊரின் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்து, புக்கிட் செலம்பாவிலுள்ள பெற்றோர் வீட்டு வாசலில் வாசுகி மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது, உள்ளே யாரையோ அடிக்கும் சத்தம் கேட்டது.

அப்பா சுப்பிரமணியம் சமையலறை நிலைப்படியில் நின்றார். பார்க்கின்சன் வந்ததிலிருந்து நிலைப்படியைக் கண்டாலே அவருக்குக் கால் நகராது. கைநடுக்கத்தில் கொட்டிய தேத்தண்ணி சட்டையெல்லாம் வழிந்தது. அம்மா பிச்சையம்மாள் விளக்குமாற்றுக் கட்டையால் அவர் முதுகில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"மூஞ்சியப் பாரு. எவ்வளவு அடிச்சாலும் கல்லு மாதிரியே நிக்குறாரு. என்னை நக்கல் பண்றாரு."

வாசுகி கட்டையைப் பிடித்து இழுத்தாள். அம்மா அவளைச் சுவரோடு தள்ளிவிட்டு மறுபடி ஓங்கினாள். இந்த முறை அப்பாவின் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறியும் சத்தம் வாசுகிக்கே கேட்டது. அப்பா அப்படியே சாய்ந்து, அடுப்பு மேடையில் மண்டை மோதி விழுந்தார். கீழே விழுந்து விழுந்து வந்தவை என்று அவள் நம்பியிருந்த அப்பாவின் காயங்களெல்லாம் எப்படி வந்தவை என்று அப்போதுதான் புரிந்தது.

"அது வியாதிமா. மூஞ்சித் தசை இறுகிப் போயிடும்னு டாக்டர் சொன்னாங்கதானே?"

"அந்தக் காலத்துல இவரு பெல்ட்டக் கழட்டி என்னை அடிச்சப்பவும் இதே மூஞ்சிதான்டி. அப்ப என்னா வியாதி?"

வாசுகி குனிந்து அப்பாவைத் தூக்கினாள். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய காலத்தில், அவர் குடித்துவிட்டு வந்தால் கட்டிலுக்கடியில் புகுந்து காதைப் பொத்திக்கொண்டவள் அவள்.

ஆஸ்பத்திரியில் மலாய் டாக்டர், எப்படி அடிபட்டது என்று கேட்டார். அப்பா ஈனக் குரலில், "விழுந்துட்டேன்," என்றார்.

"விழல," என்றாள் அம்மா. "நான்தான் அடிச்சேன். மலாய்ல சொல்லு வாசுகி. நானும் விழுந்துட்டேன்னு பொய் சொல்லித்தான் இதே ஆஸ்பத்திரில தையல் போட்டுக்கிட்டேன். அந்தப் பொய் இனிமே வேணாம்."

வாசுகி அத்தனையையும் மலாயில் சொன்னாள், அம்மா வாங்கிய அடியையும் சேர்த்து. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். அந்த முகத்தில் எதுவும் அசையவில்லை. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் இறங்கியது. அது அழுகையா, நோயா என்று வாசுகிக்குத் தெரியவில்லை.

டாக்டர் தகவல் கொடுத்து நடந்த போலீஸ் விசாரணையில் அப்பா புகார் கொடுக்க மறுத்துவிட்டார். வாசுகி அவரை லூனாஸிலுள்ள தன் வீட்டுக்கே கூட்டிவந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பார்க்கப் போகிறாள். ஒருமுறை அம்மா மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்:

"அவரால முழுங்க முடியுதா?"

"கஞ்சி மட்டும்."

அம்மா தலையாட்டினாள். வந்து பார்க்கிறேன் என்று இன்றுவரை சொன்னதில்லை. வாசுகியும் கூப்பிட்டதில்லை.