அடுப்பு எரியாத வீடு

சமைக்காததைச் சாப்பிட்டால் சர்க்கரை நோய் ஓடிவிடும் என்று நான் நம்பியதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. ஓய்வு பெற்ற மறு மாதம் திருவாதவூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் மூன்று நாள் முகாமுக்குப் போனேன். வகுப்பெடுத்தவர் முளைகட்டிய பயறைக் கையில் ஏந்தி, "இதுக்கு உசிரு இருக்கு. அடுப்புல ஏறிட்டா அம்புட்டும் பொணம்" என்றார். முப்பது வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து, லீவு லெட்டரைக்கூட இரண்டு முறை படித்துப் பார்த்தே நம்பியவன் நான். அவர் சொன்னதை மட்டும் அப்படியே விழுங்கிக்கொண்டு கே.கே. நகருக்குத் திரும்பினேன்.

காலையில் வெண்பூசணிச் சாறு. மதியம் ஊறவைத்த நிலக்கடலை, தேங்காய்ப் பத்தை, வெள்ளரிக்காய். பொழுது சாய்ந்ததும் முளைப்பயறும் வாழைப்பழமும். பத்தே நாளில் தொப்பை இறங்கி பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினோராம் நாள் சர்க்கரை மாத்திரைகளை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

"எந்தம்பியும் மாத்திரைய நிறுத்திட்டுத்தான் போய்ச் சேந்தான். பேரையூர்ல நீங்களும்தான பக்கத்துல நின்னீக?" என்றாள் என் மனைவி.

நின்றேன்தான். அவன் மூன்று வேளையும் சோற்றைத் தின்றுகொண்டு நிறுத்தினான், நான் அப்படியா என்று வாதாடினேன். அவள் தன் ஒருத்திக்காக என்னத்தைச் சமைப்பது என்று அடுப்பையும் நிறுத்திவிட்டாள். பன்னும் பழமும் தின்று காலத்தை ஓட்டினாள். பால் வேண்டாமென்று சொல்லியாயிற்று. வாசலில் கோலமும் நின்றுபோனது.

வீட்டில் வாசனை என்ற ஒன்றே இல்லாமல் போனது அப்போதுதான். தாளிக்கிற மணம் இல்லை, குக்கர் சத்தம் இல்லை. பின்சுவரில் காத்துக்கிடக்கும் பூனை வருவதில்லை. சமையலறையில் ஓர் எறும்பைக்கூடக் காணோம். ஒருநாள் குளியலறையில் அவற்றைப் பார்த்தேன். கழிப்பறைக் கோப்பையின் விளிம்பைச் சுற்றிக் கறுப்பாக மொய்த்துக்கொண்டிருந்தன. சிறுநீரில் எறும்பு மொய்த்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, கழிவு வெளியேறுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தாகம் அடங்கவில்லை. என் மூச்சிலேயே அழுகிய பழ வாடை வந்தது. நடந்தால் தரை காலில் படுவது தெரியவில்லை. வெளியே போவதை விட்டுவிட்டு உள்ளறையிலேயே படுத்துக்கிடந்தேன்.

பாலை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கப் பால்காரர் வந்தார். வெறும் வாசலைப் பார்த்தார், என் மனைவியின் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார். இஸ்திரி போடுபவர் துணியை வைத்துவிட்டு, வழக்கமாகச் சொல்லும் "வாரேங்கம்மா"வைச் சொல்லாமல் படியிறங்கினார். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போதுதான் நாங்கள் சொல்லிக்கொள்ள மாட்டோம். கீரைக்காரம்மாவும் சொல்லவில்லை. உள்ளே படுத்தபடி அந்த ஒரு வார்த்தைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பதினோரு மணி இருக்கும். எதிர்வீட்டுப் பெண் தூக்குச்சட்டியோடு வந்தாள். குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. காலை நடையில் தொப்பையோடு போகும் என்னைத் தூரத்தில் பார்த்ததோடு சரி. அவள் தரையில் என் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"மனச விட்றாதீகக்கா. எங்களுக்கு யாரும் ஒரு வார்த்த சொல்லலையே. அடுப்பு பத்த வச்சிருக்க மாட்டீக, ரெண்டு இட்லி கொண்டாந்தேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து ஹாலுக்கு வந்து நின்றேன். ஒரு மாதத் தாடி, துண்டைப் போர்த்திய எலும்பு. அலறுவாள் என்று நினைத்தேன். அலறியிருந்தால் தேவலை. அவள் மரியாதையாக எழுந்து நின்றாள். என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் திரும்பினாள்.

"இவுக சாரோட அண்ணனாக்கா? அதே மூக்கு."

என் மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.

அந்தப் பெண் எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போனாள்.

"நான் உசிரோட நிக்கேன்ல? எதுக்கு ஆமான்னு சொன்ன?" கத்தினேன் என்றுதான் நினைத்தேன். வந்தது காற்று மட்டும்தான்.

"எம்புட்டு பேருகிட்ட இல்லன்னு சொல்ல? நானே தெனமும் விடியக்காலம் உங்க மூக்குல கைய வச்சுப் பாத்துட்டுத்தான் எந்திரிக்கேன்."

அதைச் சொல்லிவிட்டுத் தூக்குச்சட்டியைத் திறந்து அவள் சாப்பிட ஆரம்பித்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் சாப்பிட்டேனா என்று கேட்காமல் அவள் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. அன்று கேட்கவில்லை. நான் அங்கே நிற்பதாகவே அவள் காட்டிக்கொள்ளவில்லை. கண்ணீர் இட்லியில் விழ விழ, துடைக்காமல் பிட்டுப் பிட்டுத் தின்றாள். எனக்குப் பயம் வந்தது. செத்துப்போய்விடுவேன் என்ற பயம் இல்லை. ஏற்கெனவே செத்துவிட்டேனோ, இவளுக்கு மட்டும்தான் அது தெரியுமோ என்ற பயம்.

எதிரில் உட்கார்ந்தேன். "எனக்கும் ரெண்டு வையி" என்றேன்.

அவள் கை நின்றது. எழுந்து போய் பீரோவைத் திறந்து, பிரிக்காத புது மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து வந்தாள். எப்போது வாங்கி வைத்தாள் என்று எனக்குத் தெரியாது.

"மொதல்ல இதப் போடுங்க. போட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

போட்டேன். தட்டில் இரண்டு இட்லி வைத்தாள். நான் தின்று முடிக்கும்வரை என் இடது மணிக்கட்டைப் பிடித்த பிடியை அவள் விடவேயில்லை.