முதுகுச்சட்டை தைக்கிற விமலேஸ்வரி

"சனத்துக்கு முழங்கை எதுக்கெண்டு தெரியேல்லை. மற்ற ஆளை இடிக்கத்தான் கடவுள் குடுத்ததெண்டு நினைக்குதுகள்."

காலமை ஆறே முக்காலுக்கு விசுவமடுச் சந்தியில மகளைக் கிளிநொச்சி பஸ்ஸில ஏத்திப்போட்டு வரேக்க விமலேஸ்வரி சொல்லிக்கொண்டு வாறது இது. மழையோ வெய்யிலோ ஒரு சொல் மாறாது. எங்கட படலையடிக்கு வரேக்க சரியா "நினைக்குதுகள்" எண்ட இடத்துக்கு வந்திடுவா. நான் முத்தம் கூட்டிக்கொண்டு நிண்டு, "ஓமோம், எல்லாற்ரை முழங்கையையும் வெட்டிவிடச் சொல்லி ஒரு கடிதம் போடுவம்" எண்டுவன். "நீர் பகிடியை விடும்" எண்டிட்டுத் தன்ரை வளவுக்குள்ள போயிடுவா. அங்கால மிசின் சத்தம் கேக்கத் தொடங்கும்.

நாப்பத்தாறு வயசு. ஒல்லி. கொண்டைக்குள்ள எந்த நேரமும் ஒரு பென்சில். கழுத்தில அளவுநாடா. ஒருக்கா ஒரு செத்தவீட்டுக்கும் அளவுநாடாவோட வந்து நிண்டவா. நான் கையைப் பிடிச்சு இழுத்துக் கழட்டி என்ரை பைக்குள்ள வைச்சனான். ஆக்களின்ரை முகம் அவாக்கு நிக்காது. முதுகை மறக்கமாட்டா. கோயிலில கும்பிட்டுக்கொண்டு நிக்கேக்க என்ரை காதுக்குள்ள, "முன்னுக்கு நிக்கிறவவுக்கு இடது தோள் பதிஞ்சு கிடக்கு, கவனிச்சனீரோ?" எண்டு கேப்பா. சாமியைப் பாக்க வந்தனியோ, தோளைப் பாக்க வந்தனியோ எண்டு ஐயரே ஒருநாள் கேட்டிருப்பார். பாவம், அவருக்கும் ஒரு பக்கம் கூனல், அதால பேசாமல் விட்டிட்டார்.

பள்ளிக்கூடச் சட்டை, சாறி பிளவுஸ் எண்டு தைச்சுத்தான் சீவியம். ஆனால் அவாவைத் தேடி வாறவை அதுக்கு வாறேல்லை. முதுகுச்சட்டைக்குத்தான் வருவினம். உடம்புக்குள்ள இரும்புத்துண்டோட சீவிக்கிற ஆக்கள் எங்கட பக்கம் எவ்வளவு பேர் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெளியில பாத்தால் ஒண்டும் தெரியாது. பஸ்ஸில ஆரோ ஒருத்தன் குடைக் கம்பியால இடிச்சால்தான் தெரியும், ஆள் எப்பிடிச் சுருண்டு போறாரெண்டு.

அவாவின்ரை கதையும் அதுதான். 2009 பங்குனியில, சண்டையின்ரை கடைசியில விழுந்த ஒரு செல் குண்டு. அவாவின்ரை மனிசன் தங்கராசாவை அந்த இடத்திலயே கொண்டுபோச்சு. நாலு வயசுப் பிள்ளை யதுர்ஷிகாவின்ரை முதுகுக்குள்ள ஒரு துண்டை விட்டிட்டுப் போச்சு. வவுனியாவில வைச்சு எக்ஸ்ரே படம் எடுத்துப் பாத்தவை. முள்ளந்தண்டுக்குக் கிட்ட, குறுணல் அரிசி அளவு வெள்ளைப் புள்ளி. "எடுக்கப்போனால் கூடாமல் போகும். விடுங்கோ. அந்த இடத்தில அடி படாமல் பாத்துக்கொள்ளுங்கோ. இனி உந்தப் படம் ஒண்டுக்கும் தேவைப்படாது" எண்டு அந்த டொக்டர் சொல்லிவிட்டவராம். பாத்துக்கொள்ளுங்கோ எண்டு சொல்லுறது சுகம். பிள்ளை பள்ளிக்கூடம் போகவேணுமே. பின் வாங்கில இருக்கிற பெடியள் முதுகில தட்டாமல் என்ன செய்வாங்கள்?

மீளக் குடியேறி வந்த வருசம் தைக்கத் தொடங்கினவா. முதல் சட்டை சவர்க்காரப் பெட்டி மட்டையில. வேர்வையில ரெண்டு நாளில களியாப் போச்சு. பேந்து பிளாஸ்ரிக் தண்ணிப் பரலை வெட்டிச் செய்தா. அது நல்ல உறுதி, ஆனால் பிள்ளை குனிஞ்சு கீழை விழுந்த பென்சிலை எடுக்கேலாது. "அம்மா, நான் பலகை மாதிரி நிக்கிறன்" எண்டு அழுதுகொண்டு வந்திச்சு. பழைய மெத்தைப் பஞ்சை வைச்சா. பிள்ளை அவிஞ்சுபோச்சு, குத்தினால் தாங்கவுமில்லை. பாரமில்லாமல், வளையிறதா, வேர்வை குடியாததா, கழுவக்கூடியதா ஒண்டு வேணும். வெள்ளைச் சட்டைக்கு மேலால தெரியவும் கூடாது. படிச்ச ஆக்கள் எவ்வளவு பேர் உந்த வேலையை எங்கையோ குளிரூட்டின அறைக்குள்ள இருந்து செய்வினம். இவா குசினிக்குள்ள இருந்து செய்தவா, அடுப்பில சோறு வேக வேக.

எங்கட கோழிக்கொட்டிலுக்குத் தென்னோலைக் கிடுகு வேயேக்கதான் அவாக்கு வழி பிடிபட்டது. வேலியால எட்டிப் பாத்துக்கொண்டே நிண்டவா. ஒரு வரிசைக்கு மேல பாதி ஏறினாப்போல மற்ற வரிசை. காத்துக்கு ஆடும், வளையும், ஆனால் ஒரு துளி தண்ணி உள்ளுக்குப் போகாது. அண்டு பின்னேரமே எங்கட வீட்டுக்கு வந்து, "உங்களிட்டப் பழைய எக்ஸ்ரே படம் கிடக்கோ?" எண்டு கேட்டவா. ஆரிட்டத்தான் இல்லை? கட்டிலுக்குக் கீழையும் அலுமாரிக்கு மேலையும் எல்லா வீட்டிலயும் கிடக்கு. என்ரை மனிசன்ரை முழங்கால் படத்தையும் மாமியின்ரை நெஞ்சுப் படத்தையும் எடுத்துக் குடுத்தனான்.

அந்தப் படத்தை ரெண்டு விரல் அகலத் துண்டுகளா வெட்டி, மூலையளை விளக்கில வாட்டி மழுக்கி, சூடாக்கின ஊசியால ஓட்டை போட்டு, கிடுகு மாதிரி ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கித் தைப்பா. மூண்டு அடுக்கு. உள்ளுக்குக் காய்ஞ்ச பீர்க்கங்காய் நார். ரெண்டு பக்கமும் பழைய நூல்சேலைத் துணி. முடிஞ்சால் ரெண்டு கைபேசி அளவு பாரம்தான் இருக்கும். பிறகு சோதனை. பழுத்த பப்பாசிக்கு அந்தச் சட்டையைப் போட்டு, குடைக் கம்பியால குத்துவா, முழங்கையால இடிப்பா, பிறகு பழத்தை வெட்டி உள்ளுக்குக் கண்டியிருக்கோ எண்டு பாப்பா. எங்கட மரத்துப் பப்பாசி எல்லாம் அடி வாங்கித்தான் எங்கட வயித்துக்குள்ள போனது.

இப்பிடி ஒரு நாப்பது சட்டை போயிருக்கும். பூநகரி, உருத்திரபுரம், முல்லைத்தீவுக் கரை எண்டு ஒருத்தர் சொல்லி ஒருத்தர் வருவினம். முதுகைத் தடவிப் பாத்து, "இஞ்சையோ? குனிஞ்சால் நோகுதோ?" எண்டு கேட்டு, அளவெடுத்துத் தைச்சுக் குடுப்பா. ஊர், பேர் ஒண்டும் எழுதி வைக்கிறேல்லை. என்னத்துக்கு எழுத எண்டுதான் அப்ப நானும் நினைச்சனான்.

போன ஐப்பசி, மழை விட்டிருந்த ஒரு பின்னேரம். யதுர்ஷிகாவுக்கு இப்ப இருபது வயசு, தொழில்நுட்பக் கல்லூரியில படிக்குது. பஸ்ஸால இறங்கி வீட்டுக்குள்ள வருது. நான் அங்க பிளவுஸுக்கு அளவு குடுத்துக்கொண்டு நிக்கிறன்.

"ஏன்டி, மற்றச் செருப்பு எங்க?" எண்டா தாய்.

"காலிலதானே."

"குனிஞ்சு பார்."

பிள்ளை குனிஞ்சு பாத்திச்சு. இடது காலில செருப்பில்லை. சேத்துக்குள்ள எங்கையோ கழண்டு விழுந்திருக்கு. வெறுங்காலோட கல்லு ஒழுங்கை முழுக்க நடந்து வந்திருக்கு. அதுக்குத் தெரியேல்லை.

 விமலேஸ்வரி முழங்காலில இருந்து அந்தக் காலை மடியில தூக்கி வைச்சு, கொண்டையில கிடந்த பென்சில் நுனியால உள்ளங்காலில குத்தினா. "தெரியுதோ?" "இல்லை." இன்னொருக்கா. "இப்ப?" "என்ன, குத்துறியோ அம்மா?" எண்டு கேட்டிச்சு பிள்ளை.

ஆசுப்பத்திரியில புதுப் படம் எல்லாம் எடுத்தவை. டொக்டர் பொம்பிளை, நல்ல பிள்ளை, ஆறுதலா விளங்கப்படுத்தினவா. "இரும்பு இப்ப எங்க இருக்கெண்டு தெரியும் அம்மா. முந்தி எங்க இருந்ததெண்டு தெரியவேணும். அசைஞ்சிருந்தால் எடுக்கத்தான் வேணும். அசையேல்லை எண்டால் கால் விறைக்க வேற காரணம் இருக்கும். தெரியாமல் முதுகைத் திறக்கேலாது. சின்னனில எடுத்த முதல் படத்தைக் கொண்டுவாங்கோ."

நானும் கூடப் போயிருந்தனான். விமலேஸ்வரியின்ரை முகத்தைப் பாத்திட்டுத்தான் எனக்கு விளங்கினது. அந்தப் படம் இல்லை. அதைத்தான் அவா முதல் முதல் வெட்டினவா.

"அதை வைச்சுப் பாத்துப் பாத்து அழுகிறதே? பிள்ளைக்கு உதவட்டும் எண்டு நினைச்சன்" எண்டா, பஸ்ஸுக்குள்ள, ஒருக்காத்தான்.   தேவைப்படாது எண்டு ஒரு டொக்டர் சொன்னால் தாய் நம்புவாள்தானே. பிழை எண்டு சொன்னால் என்ரை நாக்கு அழுகும்.

அந்தப் படத்தை இருபத்திநாலு துண்டா வெட்டினது அவாக்கு ஞாபகம். பிள்ளை வளர வளரச் சின்னச் சட்டையை அவிட்டு, துண்டுகளைப் பால்மாப் பேணிக்குள்ள போட்டுவைச்சு, அடுத்த சட்டைக்கு எடுப்பா. மற்ற ஆக்களின்ரை சட்டைக்கும் அதே பேணிதான். எல்லாம் கலந்துபோச்சு. வீட்டில கிடந்த சட்டை அவ்வளவையும் அவிட்டம். யதுர்ஷிகா தன்ரை மடிக்கணினியில வெள்ளைப் பக்கம் ஒண்டைத் திறந்து மேசையில படுக்கப் போட்டிச்சு. அந்த வெளிச்சத்துக்கு மேல ஒவ்வொரு துண்டா வைச்சுப் பாத்தம். பெரிய எலும்பெண்டால் வேற ஆள். சின்ன எலும்பெண்டால் பிள்ளை. விலா எலும்பு ஈர்க்கு அளவுதான் இருந்தது. நாலு வயசில எவ்வளவு சின்னன் எண்டு நான் மறந்துபோனன்.

"அம்மா என்னை ஒட்டுப்பட விளையாட்டாக்கிப்போட்டா" எண்டு பிள்ளை பகிடி விட்டிச்சு.

"வாயைப் பொத்தடி" எண்டா தாய்.

பதினெட்டுத் துண்டு கிடைச்சுது. பொருத்தி வைச்சால் நடுவில ஓட்டை. வெள்ளைப் புள்ளி இருந்த துண்டு இல்லை. விமலேஸ்வரி எழும்பிக் குசினிக்குள்ள போனா. தேங்காய் துருவுற சத்தம் கேட்டுது. அண்டைக்குச் சமையல் எல்லாம் காலமையே முடிஞ்சிருந்தது. நானும் பிள்ளையும் ஒரு முழுத் தேங்காய் முடியுமட்டும் கேட்டுக்கொண்டு இருந்தம்.

பதினெட்டையும் ஒட்டிக்கொண்டுபோய்க் காட்டினம். நடுவில்லாமல் ஒண்டும் சொல்லேலாது எண்டவா டொக்டர். மாசி மாதம் திரும்ப வரச் சொல்லியிருக்கிறா. அப்ப ஏதோ ஒரு முடிவு எடுக்கவேணுமாம், துண்டு கிடைச்சாலும் கிடைக்காட்டிலும். பிள்ளைக்கு இப்ப விறைப்புக் கணுக்காலைத் தாண்டிட்டுது.

ஆர் ஆரிட்டச் சட்டை போனதெண்டு தெரியாதே. எனக்குத் தெரிஞ்ச நாலு பேருக்கு நான் போன் அடிச்சன். போன கிழமை பூநகரியில இருந்து கனகலிங்கம் எண்டு ஒருத்தர் வந்தவர். கடல்தொழில் செய்யிறவர், தோளுக்குக் கீழ இரும்புத்துண்டு கிடக்கு. ரெண்டு பஸ் மாறி, சட்டையைப் போட்டபடியே வந்தவர். விமலேஸ்வரிக்கு ஆளைத் தெரியேல்லை. திரும்பி நிக்கச் சொன்னா. "ஓ, நீங்களோ அண்ணை" எண்டா.

அவரைக் கதிரையில இருத்தி, முதுகுக்கு ரெண்டு தலகணி வைச்சிட்டு, முத்தத்து வெய்யிலுக்குள்ள இருந்து சட்டையை அவிட்டா. ஒவ்வொரு துண்டையும் சூரியனுக்கு நேர பிடிப்பா. ஆரோ ஒரு கிழவற்ரை இடுப்பு. ஆரின்ரையோ விரல். போட்டிருந்த சோட்டிச் சட்டை விளிம்பால அந்தத் துண்டைத் துடைச்சு, எடுத்த ஒழுங்கிலயே பாயில அடுக்குவா. முப்பதைத் தாண்டினாப்பிறகு ஒண்டு, சின்ன எலும்பு. நான் எழும்பிட்டன். தோள் மூலை. வெள்ளைப் புள்ளி இல்லை.

"பத்தொன்பது" எண்டா விமலேஸ்வரி.

கனகலிங்கம் அந்தத் துண்டைக் கையில வாங்கிக் கனநேரம் பாத்தார். "தங்கச்சி, பத்து வருசமா உம்மட பிள்ளையின்ரை தோளைப் போட்டுக்கொண்டோ நான் தோணி தள்ளினனான்?" எண்டார். பிறகு, "சட்டையைத் திருப்பித் தைக்காதேயும், எல்லாத்தையும் நீரே வைச்சிரும்" எண்டார். அவா கேக்கேல்லை. எடுத்த துண்டுக்குப் பதிலா வேற துண்டு வெட்டி வைச்சு, முழுக்கத் திருப்பித் தைச்சு, அவருக்குப் போட்டுவிட்டு, பட்டியை இறுக்கிப் பாத்தா.

இன்னும் அஞ்சு துண்டு எங்கையோ ஆக்களின்ரை முதுகில கிடக்கு. இதை வாசிக்கிற உங்களுக்கோ, உங்கட வீட்டில ஆருக்குமோ விசுவமடுவில தைச்ச முதுகுச்சட்டை இருந்தால், அவாவிட்ட ஒருக்காப் போங்கோ. உள்பக்க விளிம்பில நீல நூலால குறுக்குத் தையல் இருக்கும், அதுதான் அடையாளம். பழசாய்ப் போச்சு, கிழிஞ்சு போச்சு எண்டு எறிஞ்சுபோடாதேங்கோ. நீங்களே அவிட்டுப் பாக்கவும் வேண்டாம், துண்டு கெட்டுப்போகும். பார்சலில அனுப்பவும் வேண்டாம். சட்டை இல்லாமல் நீங்கள் நாலு நாள் இருக்கிறதை அவா விரும்பமாட்டா. போட்டுக்கொண்டே போங்கோ. சந்தியில இறங்கித் தையல்கார விமலேஸ்வரி எண்டு கேட்டால் காட்டுவினம். தேத்தண்ணி தருவா. மத்தியானத்துக்கு முன்னம் போனால் வெய்யில் நல்லா இருக்கும், துண்டு வடிவாத் தெரியும். உங்கட முகத்தை மறந்திருப்பா, குறை நினையாமல் முதுகைத் திருப்பிக் காட்டுங்கோ.

மாசிக்கு முன்னம் போங்கோ.