சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் பார்க்கும் படலம்

மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் தங்கராஜ் ஆங்கிலத்தில் புலி என்ற செய்தி அறந்தாங்கியில் பரவியதற்கு அவர் பொறுப்பல்ல. தரகர் சின்னையாதான் பொறுப்பு. மலேசியாவில் சீனரும் மலாய்க்காரரும் மாப்பிள்ளையிடம் இங்கிலீஷில்தான் பேசுவார்கள் என்று அவர் சொல்லியிருந்தார். அதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் சிக்கல்.

பெண் மாதவி, தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. அவள் அப்பா இராமலிங்கத்துக்கு ஒரே நிபந்தனை: மாப்பிள்ளை ஆங்கிலம் பேசுவதைத் தம் காதால் கேட்க வேண்டும். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே நீதிபதியாக இருக்க முழுத் தகுதி உடையவர்.

மாதவியின் போட்டோ வந்த நாளிலிருந்து தங்கராஜ் ரசம் கேட்டவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். இவள் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று தீர்மானித்து, "மை நேட்டிவ் பிளேஸ்" என்று தொடங்கும் சொற்பொழிவு ஒன்றை யூடியூப் பார்த்து நெட்டுருப் போட்டார்.

வீடியோவில் பெண் பார்க்க ஜோசியர் குறித்துக் கொடுத்த நல்ல நேரம் காலை பத்தரை. அறந்தாங்கியில் பத்தரை என்றால் பிரிக்பீல்ட்ஸில் மதியம் ஒரு மணி. இலைக்கு ஆள் அடித்துக்கொள்ளும் நேரம். போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்துக்கொள்ள மட்டும் முதலாளி லோகன் பெருந்தன்மையோடு அனுமதித்தார்.

தங்கராஜ் "மை நேட்டிவ்" வரை வந்திருப்பார். சீனப் பெரியவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். தங்கராஜின் வாய் தன் பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது.

"அங்கிள், ஃபிஷ் ஃபினிஷ் ஓரெடி. சிக்கன் காட். மாக்கான் சினி, பூங்குஸ்?"

மீன் தீர்ந்தது, கோழி உண்டு, இங்கேயே சாப்பாடா, பொட்டலமா என்பது இதன் பொழிப்புரை. பெரியவர் "கேன், கேன்" என்று ஒப்புதல் அளித்தார். அடுத்து வந்த மலாய்க்கார அக்காவுக்கு மலாயும், நேப்பாள செக்யூரிட்டிக்கு இந்தியும், சந்துபொந்திலெல்லாம் ஆங்கிலமும் பரிமாறப்பட்டன. எல்லாவற்றின் மேலும், அந்த ஊர்ப் பேச்சின் வாலில் ஒட்டும் லா ஒரு கரண்டி.

இது என்ன பாஷை என்று இராமலிங்கம் மகளை விசாரித்தார். மாதவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, இங்கிலீஷ்தான் என்றாள். திரையில் ரசம் தெறித்திருந்ததால் அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தங்கராஜுக்குத் தெரியவில்லை.

நீதிபதி கடைசிக் கேள்வியைக் கேட்டார். "தம்பி, பொண்ணு புடிச்சிருக்கான்னு இங்கிலீஷ்லயே சொல்லுங்க."

நெட்டுருப் போட்டதெல்லாம் மோரில் கரைந்து போயிருந்தது. கையில் அப்பளத் தட்டு.

"கேன் லா, பாஸ்."

லோகன் கல்லாவில் தலையில் அடித்துக்கொண்டார். அறந்தாங்கியில் இராமலிங்கம் தீர்ப்புக்கு மகள் பக்கம் திரும்பினார்.

"அப்பா," என்றாள் மாதவி, "அங்க வந்தவங்க எல்லாருக்கும் சொன்னது ஒரே தடவையில புரிஞ்சிருக்கு. என் கிளாஸ்ல நாள் பூரா கத்துறேன், குட் மார்னிங் மிஸ் மட்டுந்தான் திரும்பி வருது."

பிறகு போனுக்கு அருகே குனிந்தாள். "எனக்கும் கேன் லா."

தங்கராஜ் அப்பளத்தைச் சீனப் பெரியவருக்கு அள்ளி அள்ளி வைத்தார்.

தையில் கல்யாணம். மாப்பிள்ளை மரியாதை தெரிந்தவர், எடுத்த எடுப்பிலேயே தம்மை பாஸ் என்று அழைத்தார் என்று இராமலிங்கம் கடைத்தெருவெங்கும் சொல்லிவிட்டார். கறிக்கடையில் எலும்பு சேர்த்துப் போடலாமா என்று கேட்டால், இப்போது அவர் தலையை ஆட்டுவதில்லை. கேன் லா என்கிறார்.