காலிக் கிடங்கு

நாகப்பட்டினம் பக்கம் ஒரு சின்னத் துறைமுகத்தில் நான் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். துறைமுகம் என்றதும் கரையை ஒட்டிக் கப்பல் நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கப்பல் கடலுக்குள்ளேயே நங்கூரம் போடும். தோணிகள் போய் மூட்டைகளை ஏற்றி வரும். துருப்பிடித்த ஒரு கிரேன், ஓடு வேய்ந்த ஒரு கிடங்கு, ஓர் அலுவலகம், அவ்வளவுதான்.

பெரும்புயல் அடித்த வருஷம் எங்கள் தெருவில் ஒரு குடிசைகூட மிஞ்சவில்லை. மிராசுதாரின் வயலில் நடவும் அறுப்பும் செய்துகொண்டு, அந்த வயலை ஒட்டிய மேட்டில் தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் நாங்கள். குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்று அப்போது சட்டம் வந்திருந்தது. வெள்ளம் வடிவதற்குள் மிராசுதார் ஆள் விட்டு மேட்டைச் சுற்றிக் கருவை முள்ளால் வேலி அடைத்துவிட்டார். "குடிசை இருந்தாத்தான குடியிருப்பு? எங்க இருக்கு, காட்டு பாப்பம்" என்று கேட்டாராம். ஆட்சி மாறியதும் வேட்டிக் கரையை மாற்றிக்கொண்ட மனிதருக்குச் சட்டத்தைத் திருப்பிப் போடவா தெரியாது? இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

காலியாகக் கிடந்த துறைமுகக் கிடங்கை எங்கள் ஜனங்களுக்குத் திறந்துவிட்டது நான்தான். அங்கேதான் என் சின்னம்மா மகளுக்குப் பிரசவமும் ஆனது. சாக்குப் படுதாவுக்குப் பின்னால் பெண் குழந்தை பிறந்தது.

அந்த நேரத்தில்தான் நிவாரணக் கப்பல் ஒன்று வரப்போவதாகத் தகவல் வந்தது. அரிசி, பால் பவுடர், தார்ப்பாய். எங்கள் துறைமுகத்தில் அதையெல்லாம் இறக்க வசதி உண்டா என்று பார்க்க மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார் என்றார்கள். துறைமுக ஆபீசருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துருவின் மேலேயே கிரேனுக்கு வர்ணம் அடித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"உங்க ஆளுங்களை வெளியேத்தும்மா. கிடங்கு காலியா இருந்தாத்தான் கப்பல் வரும். அரிசி அவங்களுக்குத்தான வருது?"

"மழை பெய்யுதுங்க சார். பச்ச உடம்புக்காரி ஒருத்தி இருக்கா. எங்க போவாங்க? நான் சொல்ல மாட்டேன். நீங்களே போய்ச் சொல்லுங்க."

போனார். உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டதும் படியிலேயே நின்றுவிட்டார். "தீட்டும்மா" என்றார். மேடை கிடைத்தால் பகுத்தறிவு பேசுகிறவர்! நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அதற்குள் ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டது. ஆட்கள் உள்ளே இருக்கும்போதே கதவை இழுத்துப் பூட்டச் சொன்னார். வாட்ச்மேன் பூட்டிவிட்டு, வழக்கம்போலச் சாவியை என் நாற்காலிக்குப் பின்னாலிருந்த ஆணியில் மாட்டினான்.

மெட்ராஸ் அதிகாரி விஷயம் தெரிந்தவர். முகத்துவாரத்தில் எவ்வளவு ஆழம், புயலில் எத்தனை தோணி தப்பியது, ரோடு லாரியைத் தாங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே கிடங்குக்கு வந்தார்.

"காலியா இருக்கா?"

"சுத்தமா காலி சார். சாவி வச்சிருக்கிற கிளார்க்தான் திருவாரூர் போயிருக்கார்."

சரி என்று டேப்பை விரித்து வெளிச்சுவரை அளக்க ஆரம்பித்தார். உள்ளே குழந்தை வீறிட்டது.

"என்ன சத்தம்?"

"பூனை சார்."

எங்கள் வீட்டுப் பிள்ளை பூனையாம்! வேலை போனால் போகிறது என்று ஆணியிலிருந்த சாவியை எடுத்து வந்து, ஆபீசர் கண் முன்னாலேயே கதவைத் திறந்தேன்.

ஈரத் துணிகளுக்கு நடுவில் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். சின்னம்மா மகள் மட்டும் எழவில்லை. மடியில் குழந்தையோடு அதிகாரியை நிமிர்ந்து பார்த்தாள்.

"அரிசிய வைக்க எடம் பாக்க வந்தீங்களாம். எங்கள எங்கங்க வைப்பீங்க?"

அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டார். ஆட்கள் இருக்கிற இடத்தில் சரக்கு வைக்க முடியாது என்று ஆபீசரிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். கப்பல் வேறு துறைமுகத்துக்குப் போனது. "உங்க வாயில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டீங்க" என்றார் ஆபீசர்.

அரிசி பிறகு லாரியில் வந்தது. இறக்கிய இடம் மிராசுதாரின் ரைஸ் மில். நனையாத கூரை, லாரி திரும்ப வாசல், எல்லா வசதியும் அங்கே இருந்ததாம். எங்கள் மனையை வளைத்துப் போட்டவர், தோளில் கட்சித் துண்டோடு, படம் எடுக்கிறவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எங்களுக்கு அரிசி அளந்தார். மில் வாசலில் தொடங்கிய வரிசை எங்கள் மேட்டின் முள்வேலி வரை நீண்டிருந்தது.

அரிசி கிடைத்தது, எரிக்க விறகில்லை. ஊர் விறகெல்லாம் வெள்ளத்தோடு போயிருந்தது. சின்னம்மா மகள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு நேரே வேலிக்குப் போனாள். மழை விட்டு அடித்த வெயிலில் முள் நன்றாகக் காய்ந்திருந்தது. ஒரு கிளையைப் பிடித்து இழுத்தாள். பின்னாலேயே மற்றப் பெண்களும் இழுத்தார்கள்.

"ஏய், எவ அவ வேலியில கை வைக்கிறது?" என்று மிராசுதார் கத்தினார்.

"நீங்க குடுத்த அரிசிதாங்க. சோறாக்க வேணாமா?" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.

லாரிக்காரர்களும் தாலுகா ஆபீஸ்காரர்களும் படம் எடுக்கிறவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிராசுதார் மறுபடி அரிசி அளக்கத் திரும்பினார். எங்கள் மேட்டில், அவரவர் அடுப்பு இருந்த இடத்திலேயே அடுப்பு மூட்டினோம். வேலி தீருமட்டும் சோறாக்கினோம். அன்றைக்கே மூங்கில் நட்டுக் குடிசைக்கு இடம் பிடித்தோம்.

மறுநாள் கிடங்கு நிஜமாகவே காலியானது. சாவியை ஆணியில் மாட்டாமல் ஆபீசரிடம் நேராக நீட்டினேன். மேசையில் வைக்கச் சொன்னார். நான் வைக்கவில்லை, நீட்டியபடியே நின்றேன். கடைசியில் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.